அறுபத்தொரு நாள் உலகம்

எங்கள் உலகம் காசிமேட்டில் இருந்தது,
செலஸ்டின் வீட்டில் பீரோவுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே,
மீன்பிடித் தடைக்காலத்துக்கென்று
தவணையில் வாங்கிய கம்ப்யூட்டருக்குள்.
அவன் திறந்தால் திறக்கும்.
அவன் தெருவில் கரண்ட் போனால்
மலை, ஏரி, எலும்புக் கோட்டை,
பாதிப் பாய்ச்சலில் என் குதிரை
எல்லாம் ஒரு நொடியில் அணைந்துவிடும்.
நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில்
கறுத்த திரையில் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மைக் போட மாட்டேன்.
ஒரே அறை. அப்பா இருமி இருமி அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார்.
ஒரு குதி என்றால் சரி. இரண்டு குதி, நன்றி.
குனிந்து நின்றால், இங்கே வா, ஏதோ கிடக்கிறது.
பகலெல்லாம் இ-சேவை மையத்தில்
"கட்டைவிரலை நல்லா அழுத்துங்கம்மா" என்று கத்துகிற வாய்க்கு
ராத்திரியில் இந்த மூன்று போதும்.
கேடயக்காரன் என்றார்கள் என்னை.
திருத்தவில்லை.

இம்தியாஸ் மட்டும் பேசுவான்.
துறைமுக வாசலுக்கு வெளியே, எண்ணூர் ரோட்டில்,
நாற்பதடி கன்டெய்னரை முதுகில் கட்டிக்கொண்டு
நகராத வரிசையில் போனில் ஆடுவான்.
பாதிச் சண்டையில் "தோ, லைன் நவுருது, ஒரு நிமிசம்பா" என்பான்.
அவன் மந்திரவாதி கோலை நீட்டியபடி சிலையாக நிற்பான்.
நான் முன்னால் போய் நிற்பேன்.
ஒரு டிரெய்லர் பத்தடி நகர்வதற்காக
மூன்று ஓநாய்களின் கடியை வாங்கியிருக்கிறேன்.

சிக்னல் இழுத்தால் கொருக்குப்பேட்டை கேட் மாதிரி.
வாளை வீசியாயிற்று,
வெட்டு இன்னும் அந்தப் பக்கம் நிற்கிறது.
கூட்ஸ் போய் முடிந்து கேட்டைத் தூக்கினால்
எல்லா வெட்டும் ஒன்றாக வந்து விழும்.
பூதமும் செத்திருக்கும், நானும்.

விழுந்தவர் பக்கத்தில் ஐந்து விநாடி மண்டியிட வேண்டும்.
அந்த ஐந்து விநாடி தடுக்க முடியாது, ஓட முடியாது.
நடுவில் அடி விழுந்தால் திரும்ப ஒன்றிலிருந்து.
செலஸ்டின் எனக்காக நான்கு முறை மண்டியிட்டு
நான்கு முறையும் எண்ணி முடிப்பதற்குள் அடிபட்டு
ஐந்தாம் முறை என் பக்கத்திலேயே விழுந்தான்.
"இன்னாபா கேடயம், நீ எந்திரிக்கவே மாட்டியா"
என்று சாட்டில் எழுதினான்.
சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்தேன்.

பெட்டி உடைந்தால் அடிதடி கிடையாது.
எனக்கு விழுந்தது என் கண்ணுக்கு மட்டும்.
எனக்குச் சிவப்பாக ஒரு தூண் எரியும் இடத்தில்
அவர்களுக்கு வெறும் புல்.
முதலில் நியாயம் என்று நினைத்தேன்.
அப்புறம், காட்ட ஆள் இல்லையே என்று இருந்தது.

ஜூன் பதினான்கு, பன்னிரண்டோடு தடை முடிகிறது.
ஐஸ் ஏற்றியாயிற்று, டீசல் ஏற்றியாயிற்று.
பதினொன்றே காலுக்கு வடக்கு வாசல் பூதம் சாய்ந்தது.
கதவு திறந்தது.
அந்தப் பக்கம் கடல்.
ஆட்டத்துக்குள் கடல் உண்டென்றே
அதுவரை எங்களுக்குத் தெரியாது.
"அய்யே, இங்கயுமா" என்றது ஒரு குரல்.
செலஸ்டின் குரலை அன்றுதான் கேட்டேன்.
இரண்டு குதி குதித்தான்.
ஹோஸ்ட் வெளியேறினார்.

வாளும் புள்ளிகளும் என்னோடு வந்தன.
கதவு வரவில்லை. அது அவன் உலகத்துக் கதவு.
என் உலகத்தில் பாலமே இன்னும் உடைந்து கிடக்கிறது,
ஏப்ரலில் விட்ட இடத்தில்.
நான் கொல்லாத முதல் பூதம்
அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

இம்தியாஸ் லோடு ஏற்றி ஓசூர் போய்விட்டான்.
மூன்று ராத்திரி தனியாக மோதினேன்.
தனியாள் என்றால் ஆட்டம் கொஞ்சம் இரங்கும்,
பூதத்துக்கு உயிரைக் குறைத்துத்தான் கொடுக்கும்.
ஆள் சேரச் சேர அதன் உயிரும் நீளும்.
அந்தக் குறை உயிரிடமே மூன்று நாளும் தோற்றேன்.

நான்காம் ராத்திரி
'யாரும் வரலாம்' என்பதைத் தொட்டேன்.
மணலிப் பக்கமிருந்து அந்த வாடை வந்தது.
ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினால்
பூதத்தின் தலைக்கு மேல் சிவப்புக் கோடு
யாரோ பிடித்து இழுத்த மாதிரி
நீண்டிருந்தது.

பாலத்தில் இன்னும் ஒருவரையும் காணோம்.
ஒரு குதி குதித்துவைத்தேன்.