சாய்கோடு மூன்று

வேலைக்குப் போகும் துவாஸ் பேருந்தில்
தொடத்தொட டேப்லட்டில்
திறக்கவில்லை, இறங்கிக்கொண்டே இருந்தது:
அப்பா, அப்பா (1), அப்பா (2).
வகுப்புக்காகக் கனிஷ்கா எழுதிய பக்கம்.

விடிந்து ஈசூன் வந்தால் வைஃபை விளக்கு சிவப்பு.
அவள் பள்ளிக்குப் போயாச்சு.
கேபிள் மாட்டிக் கணினிக்கு மாற்றி
உலாவிமேல் இழுத்துப் போட்டேன்.

திறந்தது!
முகவரியில் சாய்கோடு மூன்று,
தாண்டினால் எங்கள் வீட்டுக் கணினிதான்.
உள்ளேயே இருப்பதற்கு
இணையம் எதற்கு?

எழுத்தெல்லாம் சரி. படம்தான் வரவில்லை.
கிழிந்த தாள்போல் ஒரு குறி, பக்கத்தில்
'அப்பா தூங்கும்போது எடுத்தது.'

டேப்லட்டைத் துழாவினேன்.
ஏழு இருந்தன, ஏழிலும் தூங்குகிறேன்.
ஒன்றை எடுத்து
அவள் எழுதியிருந்த பெயரையே வைத்துப்
பக்கத்தோடு சேர்த்து மறுபடி திறந்தால்

வாய் பிளந்து,
ஒற்றைக் காலில் காலுறையோடு
நான்.