காய்முன் நேர்

அறுபத்தொன்பதில் சுங்கைப்பட்டாணியில்
சனிக்கிழமை மட்டும் எங்களுக்குக் கல்லூரி.
சீனப் பள்ளியில் இரண்டு அறை இரவல்.
கரும்பலகையில் வெள்ளிக்கிழமையின் சீன எழுத்துகள்
பாதி அழிந்து கிடக்கும்;
அதன்மேல் எங்கள் யாப்பிலக்கணம்.

விடியலில் பால் வெட்டிவிட்டு
மீன் லாரியில் தொற்றிக்கொண்டு வருவார்கள் சிலர்.
சோப்புக்கும் போகாத ஒட்டுப்பால் நெடி
பின்வரிசையில் உட்காரும்.
நான் கிராணி மகள். முன்வரிசை, முகப்பவுடர்.

சங்கிலிமுத்து கடையில்
வாரம் ஐந்து காசுக்கு நாவல் வாடகை.
ஒன்றுக்குக் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.
கதாநாயகி செத்தாளா, சிங்கப்பூர் போனாளா?
ஒரு மாதம் இரண்டு கட்சியாகி
ஒட்டுக்கடை மேசையைத் தட்டினோம்.
'போனாள்' கட்சிக்கு இருளப்பன் தலைவர்.
அவள் செருப்பைப் பற்றி மூன்று இடத்தில் வருகிறதாம்.
சாகப்போகிறவளுக்கு எதற்குப் புதுச் செருப்பு?

ஆண்டுக் கடைசியில் பட்டிமன்றம்:
புதுக்கவிதை கவிதையா?
ஆம் என்று அவர், அல்ல என்று நான்;
சீட்டுக் குலுக்கியதில் விழுந்தது அப்படி.
என் தலையணை உறைக்குள்
யாப்பில்லாத பதினொரு கவிதை இருந்தது
யாருக்கும் தெரியாது.

அவர் எழுந்தார்.
"தேமா, புளிமா, கூவிளம், கருவிளம்.
ஐம்பது மைலுக்கு நான் பார்ப்பது ஒரே மரம்.
உங்கள் வாய்பாட்டில் எங்கே ஐயா ரப்பர்?"
பின்வரிசை பெஞ்சைத் தட்டியது.

நான் எழுந்தேன்.
"ரப், நேர். பர், நேர்.
ரப்பரே தேமாதான்."
நடுவர், இரண்டு வரிசை, டீ கொண்டுவந்த பையன்,
எல்லாரும் கைதட்டினார்கள்.
அவரும்.

அப்போது பிடித்தது மழை.
தகரக் கூரை. பக்கத்தில் தும்மினாலும் கேட்காது.
நடுவர் கடிகாரத்தைக் காட்டி
தொடரச் சொல்லிக் கையசைத்தார்.
மீதி நான்கு நிமிடமும்
நின்று வாயசைத்தேன்.
சொன்னது மரபின் பெருமை அல்ல,
பதினொன்றில் ஏழாவது.
அவர் மட்டும் என் உதட்டையே பார்த்தபடி
மறுப்புக்கான தாளில்
எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

பரிசு எனக்கு:
மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர்.

பிப்ரவரியில் அவர் வரவில்லை.
சிவப்புக் கார்டு. பெர்மிட் இல்லை.
பினாங்கில் கப்பல்.
எனக்கு நீலம்; அது பேசி ஜெயித்ததல்ல.
பின்வரிசையில் ஏழு இடம் காலி.
விரிவுரையாளர் வருகைப் பதிவேட்டில்
ஏழு பெயரையும் அடிமட்டம் வைத்து
நேராக அடித்தார்.

இருளப்பன்: நிரை நேர் நேர், புளிமாங்காய்.
காய்முன் நேர் வந்தால் தளை தட்டாது.
பாக்கியம் நேரில்தான் தொடங்குகிறது.
இதை நான் பட்டிமன்றத்துக்கு முன்பே
அலகிட்டுப் பார்த்திருந்தேன்.

பாத்திரக் கடையில் உளியும் சுத்தியுமாய்
என்ன பேர் வெட்டணும் என்றான்.
பாக்கியம் போதும், என்றேன்.
மூடியில் எங்கே?
கொஞ்சம் வலது பக்கமாக.
முன்னால் ஒரு சீருக்கு
இடம் விட்டு.