ஏசல்

போத்தனூர் ரயில்வே இன்ஸ்டிடியூட் மைதானத்தில்
மத்தியானமே ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கிவிட்டேன்.
ஆனி மாசம். பாலக்காட்டுக் கணவாய்
வாயைத் திறந்து ஊதிக்கொண்டிருந்தது.
மைக் ஒவ்வொன்றுக்கும்
என் பையனுடைய பள்ளிக்கூடச் சாக்ஸை மாட்டினேன்.
கிதாரோடு வந்த தாடிக்காரப் பிள்ளைகள் சிரித்தார்கள்.
முதல் காற்றுக்கே சிரிப்பு நின்று
இன்னும் ரெண்டு சாக்ஸ் இருக்குமாங்ணா என்றார்கள்.

அனுமதி வாங்கப் போனபோது
ப்ளூஸ் விழா என்றதும்
ஸ்டேஷன் ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார்.
பாட்டுங்க சார், துக்கப் பாட்டு என்றேன்.
முழுசாக ஒரு நிமிசம் பார்த்தார்.
பத்து மணிக்கு மேல துக்கம் கூடாது என்று
முத்திரை குத்திக் கொடுத்தார்.

மேடைப் பேனரில் ஹேசல் பெய்லி, பிறப்பு நாற்பத்தொன்று.
வாசல் பேனரில் நாற்பத்து நாலு.
இருந்திருந்தால்
வாசலைத்தான் நம்பச் சொல்லியிருப்பாள்.
எங்கள் நாக்குக்கு ஹேசல் வரவில்லை,
ஏசலம்மா என்றோம். பொருந்தியும் போனது.
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருசம்
ஈரோட்டையும் ஷொரனூரையும்
திட்டித் திட்டியே சேர்த்துவைத்தவள்.

சனிக்கிழமை ராத்திரி பாடுவாள்.
சரக்கு வண்டி ஊதினால்
அந்த ஊதலில் சுதி பிடித்துக்கொள்வாள்.
மூன்றே வரிதான்:

*தம்பி பெர்த்துக்குப் போயிட்டான், எனக்கு ஒரு பெர்த்து இல்ல*
*தம்பி பெர்த்துக்குப் போயிட்டான், எனக்கு ஒரு பெர்த்து இல்ல*
*வெயிட்டிங் லிஸ்டுல வெச்ச சாமி, வண்டி எப்பன்னு சொல்லல*

எதுக்கும்மா ஒரே வரி ரெண்டு தடவை என்று கேட்டேன்.
ஒருக்காச் சொன்னா எவன்டா கேக்கறான் என்றாள்.

ஒரு கிறிஸ்துமஸ் டான்ஸில் என் மைக்கைக் கீழே போட்டாள்.
போட்டாளா எறிந்தாளா,
இன்னைக்கும் ரெண்டு கட்சி இருக்கிறது.
கணக்கு நோட்டில் எழுதினேன்:
ஏசல், மைக் ஒண்ணு, அறுநூத்தி ஐம்பது.
கேட்கும்போதெல்லாம்
ஒரு தட்டு பன்றிக்கறி வறுவலும்
நாலு வசவும் வரும். பணம் வராது.

விழாவுக்கு நல்ல கூட்டம்.
ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் டெரன்ஸ் மவுத் ஆர்கன் வாசித்தார்,
பல் செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு.
செட்டிபாளையத்துக் கறிக்கோழிப் பண்ணைக்காரர் ஒருவர்
யாரும் கூப்பிடாமல் மேடையேறி
கடனைப் பற்றி மூன்று வரி பாடினார்.
முதல் ரெண்டும் ஒரே வரி.
மூன்றாவதில் அழுதுவிட்டார்.
தாடிக்காரப் பிள்ளைகள்தான்
கிதாரால் அவரைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள்.

ஒன்பது நாற்பதுக்கு
கமிட்டிப் பெண் ஒரு கேசட்டைக் கொடுத்தாள்.
அம்மாவுடையது இது ஒன்றுதான் கிடைத்ததுங்ணா,
கடைசியில் போடுங்க, எல்லோரும் எழுந்து நிற்போம் என்றாள்.

போட்டேன். நின்றார்கள்.
மழை போல ஒரு இரைச்சல்.
யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம்.
பிறகு, பதினொரு வருசமாக மண்ணுக்குள் இருப்பவள்
மைதானம் முழுக்கக் கேட்கும்படி:

*டேய் செங்கோடா! கீச்சுக் கீச்சுங்குது,*
*ட்ரிபிளக் கொறடா!*
*காத எதுக்கு வெச்சிருக்கே, கடுக்கன் போடவா?*

எழுநூறு பேர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்கள்.
நான் பார்த்தது என் கையை.
அது எனக்கு முன்னாலேயே போய்
திருகைக் குறைத்து முடித்திருந்தது.
இரைச்சல் அடங்கிற்று.
அடியிலிருந்து, கெட்டியாக, அவள் பாட ஆரம்பித்தாள்.

பில் எவ்வளவுங்ணா என்றாள் அந்தப் பெண்.
சொன்னேன்.
அறுநூத்தி ஐம்பதைச் சேர்க்கவுமில்லை,
நோட்டில் அடிக்கவுமில்லை.

மறுநாள் சுந்தராபுரத்தில் கல்யாணம்.
மாப்பிள்ளை வீட்டார் வந்து
சவுண்டு என்னங்க கம்முனு இருக்குது,
கொஞ்சம் கீச்சாக வைங்க என்றார்கள்.

வைக்கவில்லை.