மாற்றுக் கேள்வி

பயிற்சியின் மூன்றாம் நாள் நாகர்கோவிலில்
குளிரூட்டிய அறையில் சொல்லித் தந்தார்கள்:
ஏழாம் பகுதிக்குப் போகுமுன்
வீட்டில் வேறு யாருமில்லையென்று உறுதி செய்.
இடையில் யாராவது வந்துவிட்டால்
முகம் மாறாமல் மாற்றுக் கேள்விக்குத் தாவு.
பதினெட்டு நாடுகளில் சோதித்துப் பார்த்த முறை.
எங்களுக்கான மாற்றுக் கேள்வி இது:
மாதம் எவ்வளவு தேங்காயெண்ணெய் வாங்குவீர்கள்?

இடைக்கோட்டில் பஸ் இறங்கும்போது மழை.
ரப்பர் மரங்களில் சிரட்டைகள் கவிழ்ந்திருந்தன.
வீட்டு எண் நாற்பத்தொன்று.
ரோஸ்லெட் பாய், வயது முப்பத்தெட்டு என்றாள்,
பிறகு விரல்விட்டு எண்ணி
நாற்பது.
அண்டி ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.
விரல்களில் கொல்லாண்டிக் கறை,
சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகாதது.
பழக்கத்தில் நான் மைப்பெட்டியை நீட்ட,
"எட்டு வரைக்கும் படிச்சிருக்கேன் பிள்ளே, பேனாவைத் தா."
புள்ளி வைத்து, நிதானமாக, கையெழுத்திட்டாள்.

குடும்பத் தலைவர் யார்?
"கார்டிலே அவரு. குழுக் கடனிலே நான்."
கருவியில் இரண்டுக்கும் சேர்த்து இடமில்லை.
ஒன்று என்று அழுத்தினேன்.

கூலி?
தல்லுகிறவளுக்குக் கிலோக் கணக்கு,
வறுக்கிறவனுக்கு நாள் கணக்கு.
"பருப்பு ஒடைஞ்சா எனக்க நட்டம்.
அடுப்பு அணைஞ்சா அவனுக்கு நட்டமில்லை."

நகை விற்பதை முடிவு செய்வது யார்?
"ரெண்டுபேரும் சேர்ந்துதான்.
அவரு சொல்லுவாரு, நான் சேர்ந்துகிடுவேன்."
கூட்டு முடிவு. குறியீடு மூன்று.

வீட்டில் ஒட்டகம் உண்டா?
(வேறெந்த நாட்டுக்கோ எழுதிய தாள்.)
அவள் சிரித்த சிரிப்பில்
அடுத்த வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

ஏழாம் பகுதி.
வாசலைப் பார்த்தேன். குரலைத் தாழ்த்தினேன்.
கடந்த பன்னிரண்டு மாதங்களில்
உங்கள் கணவர் எப்போதாவது

குடை மடக்கும் ஓசை.

மழை நாளில் பால்வெட்டு கிடையாது,
எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.
"யாரு?"
"கணக்கெடுக்க வந்த பிள்ளை."
அவர் நனைந்த சட்டையோடு
நாற்காலியை இழுத்து என் எதிரே அமர்ந்தார்.
சாயா போடச் சொன்னார், எனக்கும் சேர்த்து.

மாதம் எவ்வளவு தேங்காயெண்ணெய் வாங்குவீர்கள்?

என் குரல் நன்றாகத்தான் வந்தது.
அடுப்படியிலிருந்து அவள் என்னைப் பார்த்தாள்,
தராசு முள் நிற்கும்வரை
பார்த்துக்கொண்டிருப்பவளைப் போல.

"மாசம் நாலு தடவை.
சம்பளச் சனிக்கிழமைன்னா கண்டிப்பா உண்டு."
தலையாட்டினேன்.
"கிறிஸ்மசுக்குப் பொறவு கொறஞ்சிருந்து.
மகளுக்குப் பரிச்சை நேரம் கூடிப்போச்சு."
கூடியதென்றால் எவ்வளவு, என்று கேட்டேன்,
தாளில் இல்லாத கேள்வி.
"ஒருக்கா ஆசாரிப்பள்ளம்வரை போக வேண்டி வந்து."

சாயா டம்ளர் அவர் உதட்டருகே நின்றது.
"ஆசாரிப்பள்ளத்துலயா எண்ணெ?"
"அங்க விலை கொறவுன்னு சொன்னாவ,"
திரும்பாமல் சொல்லி, அடுப்பைக் குறைத்தாள்.

விதி: மாற்றுக் கேள்விக்கு வரும் விடை விடையல்ல.
நேர்காணல் தடைபட்டது, குறியீடு தொண்ணூற்றேழு.
அன்றிரவே ஏழாம் பகுதி
வெற்றுக் கட்டங்களாய்க் கடல் கடந்து போனது.
அறிக்கையில் எங்கள் ஊர்களெல்லாம்
ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும்.
விடுபட்ட மதிப்புகள் நீக்கப்பட்டன என
அடிக்குறிப்பில் ஒரு வரி வரும்.
முறைப்படி அது சரியும்கூட.

பத்து நாள் கழித்து மேற்பார்வையாளர் போன் செய்தார்.
சரிபார்ப்பு அழைப்பில் நாற்பத்தொன்றாம் வீடு
நான் வந்ததை ஒத்துக்கொண்டதாம்.
ஆனால் கேட்டது எண்ணெய்க் கணக்கு மட்டுந்தான்,
வேறொன்றும் கேட்கவில்லை என்றதாம்.
அந்த வீட்டுக்கான பணம் எனக்குக் கிடையாது,
இன்னொரு தடவை இப்படி என்றால் வேலையும் கிடையாது.

அந்த எண்ணைப் பதிந்தவள் நான்தான்.
வீட்டில் ஒரே போன், அவருடையது.

பேசியது யார் சார், என்றேன்.
"பொம்பளைதான். சரியா கேக்கல.
அங்க நல்ல மழை."

பிடித்துக்கொள்ளுங்கள் சார்,
என்றேன்.