சேத விவரம்

லாண்டர்ன் ஓடைக்கு மேலே
ஒன்பதாயிரத்து நானூறு அடியில்
ஜூலையிலும் வடக்குச் சுவரோரம் பனி.
கதவு இல்லை. நிலை இருக்கிறது.
குனிந்து நுழைகிறாள் வெர்னா,
கையில் படிவம்: கட்டடம் எண் பதினான்கு,
சுரங்கக்காரன் குடில், பைன் கட்டை, ஒற்றை அறை.

மூலைகளில் கட்டைகள் ஒன்றையொன்று கவ்வியிருக்கின்றன
ஓர் ஆணி இல்லாமல்.
கணுத்துளைகளுக்குத் தக்காளி டின்னின் மூடிகள்.
இடுக்குகளில் பாசி, களிமண்,
ஓரிடத்தில் ஒரு காலுறை.
கம்பியால் அடிக்கட்டையைக் குத்திப் பார்க்கிறாள்;
இரண்டங்குலம் இறங்குகிறது.
மக்கல், என்று எழுதுகிறாள். தென்மேற்கு மூலை.

ஜேபஸ் டிரெவாரோ,
கார்ன்வாலில் கடலுக்கடியில் வெள்ளீயம் வெட்டியவன்,
எட்டுக் குளிர்காலம் இங்கே
ஒரு மலைக்குள் காது வைத்துக்கொண்டிருந்தான்.
எவ்வளவு தங்கம் என்று எந்தப் பதிவிலும் இல்லை.
படுக்கைப் பலகைக்கு மேலே பென்சிலில்:
மாவு தீர்ந்தது. உப்பு இருக்கிறது.
தேதி போடவில்லை.
எழுதிவிட்டு இறங்கிப் போனானா
இல்லை, படுத்துக்கொண்டானா,
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

சேதத்துக்கு இருக்கிறது.
மேசை விளிம்பு, முழங்கை ஊன்றும் பக்கம் மட்டும்.
கோடரிக்காம்பு, நடுவில் எலும்பாய் ஒடுங்கி.
வாசல் நிலை, இடப்புறம்,
பனிக்காலணி கழற்றுகிறவன் பிடித்துக்கொள்ளும் உயரத்தில்
ஒரு பள்ளம், முழுக்கப் பல்தடம்,
உள்ளே புது மரத்தின் மஞ்சள்.

"முள்ளம்பன்றி," என்கிறான் அம்ப்ரோஸ் டில்
வெளியே கோவேறு கழுதைக்குச் சேணம் தளர்த்தியபடி.
"கைபட்ட இடமெல்லாம் தின்னும். வியர்வை உப்பு."
"இன்னுமா இருக்கும்?"
"அதைக் கேள்."

உப்பிட்டவரை உள்ளளவும் என்றார்கள்;
நினைப்பதற்கு அதனிடம் இருப்பது பல் மட்டும்.
கொறித்த இடங்களை ஒன்று சேர்த்துப் பார்க்கிறாள்.
ஒரு ஆள் எழுந்து நிற்கிறான்:
இடதுகைக்காரன். குள்ளம்.
மேசையில் நெடுநேரம் உட்காருகிறவன்,
எதிரே இன்னொரு நாற்காலி இல்லாமல்.

பரிந்துரை என்ற கட்டத்தில்
கம்பிவலை, என்று எழுதுகிறாள்.
அடிக்கிறாள்.
அடிக்கட்டை மாற்றவும், என்று எழுதுகிறாள்.
கூரைக்குத் தகரம்.
மற்றதைக் காலியாக விடுகிறாள்.

மேற்கே மேகம் கறுக்கிறது.
குனிந்து வெளியேறும்போது
நிலையைப் பிடித்துக்கொள்கிறாள்,
பள்ளத்துக்கு நாலு விரல் மேலே.
மலையேறி வந்த கை,
இன்னும் ஈரம்.