எழுபத்தினாலு

ஒட்டுசுட்டானில் மின்சாரம் போய் அரை மணித்தியாலம்.
பேரின்பத்தின் கராஜில்
ஒரு லான்ட்மாஸ்ரர் வயிறு திறந்து கிடக்கிறது.
காணி உறுதிக்காக நான் வந்து ஒன்பதாம் நாள்,
கந்தோரில் திங்கள் வரச் சொன்னார்கள்,
போன திங்களும் அதைத்தான் சொன்னார்கள்.

"பாரிசில என்ன பாட்டுக் கேப்பியள், அக்கா?"
பகிடியாகத்தான் கேட்டான்.
கைபேசியில் இருபத்தொரு வீதம் இருந்தது.
போட்டுவிட்டேன்.

முதலில் இரைச்சல்.
"மழையோ?"
இல்லை, தட்டின் கீறல்.
பிறகு வந்தான் அவன்,
ஆயிரத்துத் தொளாயிரத்து ஏழோ எட்டோ,
மண்ணெண்ணெய் வார்க்கிற புனல் மாதிரி ஒன்று,
ஆளளவு பெரிது,
அதற்குள் முகத்தை விட்டுப் பாடியவன்.

முசியே கெரானின் வீட்டைப் பதினொரு வருசம் துடைத்தேன்.
தட்டுகளைத் தொடாதே, முதல்நாள் சட்டம்.
மூன்றாம் வருசம் தொடச் சொன்னார்,
விளிம்பில் மட்டும், சுட்ட ரொட்டியைப் பிடிக்கிறமாதிரி.

அந்த நாட்களில் மொழி வகுப்பு ரீச்சர்
என் ரகரத்தைத் தொண்டைக்குள் இறக்கப் பார்த்தாள்.
உப்புத்தண்ணி கொப்பளிப்பதாக நினை என்றாள்.
வரவேயில்லை.
பாண் கடையில், தபால் கந்தோரில்,
வதிவிட அட்டைக்கு நின்ற வரிசையில்
நுனிநாக்கில் துள்ளிய ஒற்றை எழுத்து
என்னைக் காட்டிக்கொடுத்தபடி இருந்தது.

ஒருநாள் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.
தட்டிலிருந்தவன் நூற்றுக்கு நூறு பிரெஞ்சுக்காரன்.
அவனுடைய ரகரம் மரத்தின் ரகரம்,
அரிசியின் ரகரம்.

உச்சியில் ஒரு சுரம் வருகிறது.
இப்போதுள்ளவர்கள் அதை முட்டி உடைப்பார்கள்,
சனம் எழும்பிக் கைதட்டும்.
இவன் ஏற ஏற மெலிகிறான்.
நெஞ்சிலிருந்து பாதி, தலையிலிருந்து பாதி.
பொருத்து எங்கே என்று தேடித் தேடி
ஒருநாளும் கண்டதில்லை.
பக்கத்து அறையில் யாரோ கணக்குப் பார்க்கிறார்கள்,
குழப்பிவிடக் கூடாது என்பதுபோலப் பாடுகிறான்.
மண்டபங்கள் பெருத்தன, சனத்துக்கு முழக்கம் தேவைப்பட்டது,
இப்படிப் பாட ஆளில்லாமல் போனது என்பார் முசியே,
வாடகை கூடினதைச் சொல்லும் அதே குரலில்.

பேரின்பம் சாவியைக் கீழே வைத்தான்.
"திருப்பிப் போடுங்கோ."
தலையைச் சரித்து
எஞ்சின் கேட்கிறமாதிரிக் கேட்டான்.
"இது கூட ஓடுது, அக்கா.
ஆள் இவ்வளவு மெல்லிசில்லை."

கரண்ட் இல்லாத வருசங்களில்
சைக்கிளைக் கவிழ்த்து மிதி சுற்றி
டைனமோவில் கசெற் கேட்ட கை அவனுடையது.
சுற்று தளர்ந்தால் பாடகன் கிழவனாவான்,
ஏறினால் பெடியன்.
அந்தக் காலத் தட்டுகளில் வேகம் ஒரு சீரில்லை என்று
முசியேயும் கூட்டாளிகளும் இசைக்கவையோடு
சண்டை பிடித்த ஞாயிறுகளை
அவனுக்கு நான் சொல்லவில்லை.
அவன் செயலியில் விரலால் இறக்கினான், கொஞ்சம்,
இன்னும் கொஞ்சம்.

குரலுக்கு எடை வந்தது.
சுரத்துக்கு முன்னால் அவன் மூச்செடுத்தது கேட்டது.
இத்தனை வருசத்தில் அதை நான் கேட்டதேயில்லை.

"ஆளின்ரை பேரென்ன?"
"தெரியாது. நடுத்தாளில காப்பிக் கறை.
முசியே எங்கெங்கோ எழுதிக் கேட்டார்,
பிறகு செத்துப்போனார்."

இந்த ஊரில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.
பேரின்பத்தின் தம்பியின் பெயர்
மூன்று மொழியில், நாலு கந்தோரில் பதிவாகி இருக்கிறது.
குரல் ஒரு கசெற்றில் இருந்தது.
வட்டுவாகல் வரைக்கும் கொண்டுவந்தோம் என்றான்,
அதற்கு மேல் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
கைபேசி ஆறு வீதம்.

மின்சாரம் வந்தது. காற்றாடி இரைந்தது.
பாட்டு ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.
திரையில் 0.95.
எழுபத்தெட்டால் பெருக்கினான், மனக்கணக்கு,
தகரச் சுவரில் சோக்கால் எழுதினான்:
கதிர்காமர் மட்கார்ட், மிச்சம் ஆயிரத்தைந்நூறு
என்றிருந்ததற்குக் கீழே,
பிரெஞ்சுக்காரன், எழுபத்தினாலு.