ஜோடி ஒன்றுக்கு

ஜோடியாக வாங்கியிருந்ததால்
பிரிப்பது சுலபமாயிருந்தது.
வக்கீலே ஆச்சரியப்பட்டார்.
நாற்காலி உங்களுக்கொன்று, அவருக்கொன்று.
மேசைவிளக்கு உங்களுக்கொன்று, அவருக்கொன்று.
பள்ளிக்கூடத்து வகுத்தல் கணக்கு போல
ஒரு மத்தியானத்தில் முடிந்தது.

எல்லாம் என் கிறுக்குதான்.
பெருமாள்புரத்து வீட்டுக்குக் குடிவந்த வருஷம்
சோபாவுக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலி என்றால்
அந்தப் பக்கமும் ஒன்று வேண்டும் எனக்கு.
இல்லாவிட்டால் வீடே ஒருச்சாய்த்துக் கிடப்பது போலிருக்கும்,
ராத்திரி தூக்கம் வராது.
ஆவுடையப்பன் டேப்பைப் பிடிக்க
நான் சுவரில் பென்சிலால் புள்ளி வைப்பேன்.
ஜன்னலிலிருந்து பதினாலரை அங்குலம், இங்கே.
கதவிலிருந்து பதினாலரை, அங்கே.
"துவாரபாலகர நிறுத்துத மாதிரில்லா இருக்கு"
என்று சிரிப்பார்.
ஆனால் ஆணி அடிக்கும்போது
மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிப்பார்.

யானைகள் தெற்கு ரதவீதிக் கடையில் வாங்கியவை,
ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின நாள்.
பித்தளை இல்லை, பித்தளை மாதிரி.
ஒன்று வலப்பக்கம் பார்க்கும், ஒன்று இடப்பக்கம்.
ஒன்று மட்டும் கேட்ட ஒருத்தியிடம்
"ஒத்தையாக் குடுத்தா மத்தத யாருக்கு விக்க?" என்று
கடைக்காரர் எரிந்து விழுந்ததை
நின்று கேட்டோம்.
நியாயம் என்றே பட்டது.

டாட்டா ஏஸ் கொண்டுவந்த பையன்
தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கேட்டான்:
"என்னக்கா, எல்லாத்துலயும் ஒண்ணொண்ணுதான் போகுது?"
பாதி லோடுதான் தம்பி, என்றேன்.
முழு வாடகை வாங்கிக்கொண்டான்.

அம்பாசமுத்திரத்து வீட்டுக்கு நான் போனதில்லை.
சனிக்கிழமை செங்கோட்டை பாசஞ்சரில் போய்
ஞாயிறு சாயங்காலம் திரும்புகிற தாரிகா
சொல்லித்தான் தெரியும்.
"அங்கயும் அதே லைட்டும்மா. பல்பு மட்டும் வெள்ள."
நாற்காலி பால்கனியில் கிடக்கிறதாம்.
முக்காலி மேல் மீன்தொட்டியாம்.
மீன் இரண்டா என்று கேட்க வந்தது,
கேட்கவில்லை.

பிரிக்க முடியாமல் நின்றது ஒன்றே ஒன்று:
கல்யாணத்துக்குப் பத்தமடையில் நெய்து வந்த பாய்.
ஓர் ஓரத்தில் என் பேர், மறு ஓரத்தில் அவர் பேர்.
நடுவில் கத்தரித்தால் கோரை பிரிந்துவிடுமே என்றார் வக்கீல்,
வேடிக்கையாகத்தான்.
நீ வச்சுக்கோ என்று அவர் சொல்ல
நீங்க கொண்டுபோங்க என்று நான் சொல்ல
இங்கேயே கிடக்கிறது, பீரோவுக்கு மேலே,
பேர்கள் உள்ளே போகும்படி சுருட்டி.

சோபாவை மூலைக்குத் தள்ளிவிட்டேன்.
மூலைக்கு ஒரு பக்கம்தான்.
ஒரு விளக்கு போதும்.
இதையும் அளந்துதான் செய்தேன்,
டேப்பின் மறுநுனியில்
தாரிகாவின் சமூகவியல் புத்தகத்தை வைத்து அழுத்தி.

போன ஞாயிறு
தோள்பையைக்கூட இறக்காமல் அலமாரி முன்னால் போய்
யானையைத் திருப்பி வைத்தாள்.
கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது
மேற்கே பார்க்கிறது.
"அப்பா வீட்டு யானையையும் இங்கன பாத்துத் திருப்பிட்டேன்.
நடுவுல சேரன்மாதேவி, வீரவநல்லூர்லாம்
இருந்துட்டுப் போட்டும்."

அவள் குளிக்கப் போன பிறகு கிட்டே போனேன்.
யானைக்கு ஒரு பக்கம்தான் வேலைப்பாடு.
முதுகுத்துணியின் சிவப்பு, பச்சை, தொங்கும் மணி
எல்லாம் அந்தப் பக்கத்தோடு சரி.
இந்தப் பக்கம் வழவழவென்று மொட்டையாக;
ஜோடியில் எது எங்கே நிற்கும் என்று
தெரிந்தே விட்டிருக்கிறார்கள்.
பத்து வருஷம் தூசி துடைத்தும்
நான் கவனிக்காத பக்கம்.
வயிற்றோரம் மஞ்சளேறிய ஒரு சீட்டு,
நீல மையில் கடைக்காரர் எழுத்து:
ஜோடி 1850.

நகத்தால் சுரண்டினேன்.
எண் வந்துவிட்டது.
எழுத்து வரவில்லை.
உள்ளே குழாயை மூடும் சத்தம் கேட்கவும்
கையை எடுத்துக்கொண்டேன்.